ஸ்டைன்பாக் என்கிற கமியென்னா

பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. நான் பிறந்தபோது அலங்காநல்லூர் வெள்ளைக்காரன் கையில் இருந்தது, இப்போது நம் கையில் இருக்கிறது. இரண்டு பேருமே அதை அலங்காநல்லூர் என்றுதான் எழுதினார்கள். ஹில்டாம்மாவின் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் "ஸ்டைன்பாக், ஜெர்மனி" என்று இருந்தது. போலந்து எல்லையில் ரயில் பெட்டிக்குள் ஏறிய அதிகாரி அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த ஊர் போலந்தில் இருக்கிறது. தவறாக எழுதியிருக்கிறார்கள்."

"நான் பிறந்தப்ப ஜெர்மனி" என்றார் ஹில்டாம்மா, ஜெர்மனில். எனக்கு உடனுக்குடன் மதுரைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "அது முடிஞ்சுபோச்சாம், இப்ப இதை ஏத்துக்க முடியாதாம், கீழ எறங்கணுமாம்."

முப்பத்தைந்து வருஷம் வருவாய்த் துறையில் இருந்து, வாடிப்பட்டித் தாசில்தாராக ஓய்வு பெற்றவன் நான். தப்பு என்று சொல்கிறவரிடம் சரி என்று வாதாடக் கூடாது. "நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இந்திய அரசாங்கம் கொடுத்த பாஸ்போர்ட் தவறானது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பதவியையும் குறிப்பிட்டுத் தந்தால் நாங்கள் இறங்கிவிடுகிறோம்" என்று சொல்லச் சொன்னேன். ஹில்டாம்மா சொன்னார். அதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்திவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். எழுதிக் கொடு என்றால் எந்த நாட்டு அலுவலரும் ஒரே மாதிரிதான்.

ஹில்டாம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரைக் கோரிப்பாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நாற்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். என் மூன்று பிள்ளைகளும் அவர் கையில்தான் விழுந்தன. இளவயதில் மதுரைக்கு வந்தவர். போர் வந்ததும் எதிரி நாட்டுக்காரி என்று சர்க்கார் அவரை முகாமில் அடைத்தது. விட்டதும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் திரும்பி வந்தார். வெள்ளைச் சேலையைத் தவிர வேறெதுவும் கட்டுவதில்லை. போலந்துக் குளிரிலும் சேலைக்கு மேல் ஓவர்கோட், காலில் கம்பளிக் காலுறை. கவுன் போட்டால் பாதி உடுத்தின மாதிரி இருக்கிறதாம்.

அவர் கிளம்பியது ஒரே ஒரு கேள்விக்காக. போர் முடியும் குளிர்காலத்தில் ரஷ்யப் படை வருகிறது என்று ஸ்டைன்பாக் ஊரே வண்டி கட்டிக்கொண்டு மேற்கே ஓடியது. ஹில்டாம்மாவின் தாய் மட்டும், மாடு கன்று போடும் நேரம், விட்டுவிட்டு வர மாட்டேன் என்று நின்றுவிட்டாளாம். ஓடிய உறவினர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதன் பிறகு எழுதிக் கேட்ட இடத்தில் எல்லாம் தகவல் இல்லை என்றே பதில் வந்தது.

"செத்திருக்கும், அது தெரியும் தாசில்தாரு. வயசு ஆயிருச்சுல்ல" என்று ரயிலில் சொன்னார். "நான் எத்தனையோ பேருக்குக் கடைசி நேரத்துல பக்கத்துல ஒக்காந்திருக்கேன். எங்கம்மா பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா? அது தெரிஞ்சாப் போதும். அம்புட்டுத்தான்."

முழங்கால் வலியோடு அவர் தனியாகப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் யாருக்கும் லீவு இல்லை. "நீங்க சும்மாதானே இருக்கீக, பாஸ்போர்ட்டும் இருக்கு" என்று என் மனைவி தீர்மானித்துவிட்டாள். ஓய்வு பெற்றவனுடைய நேரத்தை ஒதுக்கீடு செய்யும் அதிகாரம் மனைவியிடம் இருக்கிறது. மேல்முறையீடு கிடையாது.

முதல் இரண்டு நாள் ஸ்டைன்பாக்குக்குப் பக்கத்து டவுனிலேயே இருந்தோம். எங்களுக்கு அறை கொடுத்த வீட்டுக்கார அம்மாளுக்கு ஜெர்மன் தெரியும். பீட்ரூட்டில் ஒரு புளிப்பு ரசம் வைத்துத் தந்தார். பெருங்காயம் போட்டிருந்தால் நம் வீட்டுப் பந்தியிலேயே ஊற்றலாம். மூன்றாவது கிண்ணம் கேட்டதும் அவர் என்னைத் தம் சொந்தக்காரனாகவே நடத்த ஆரம்பித்துவிட்டார்.

கடைத்தெருவில் ஒரு நீண்ட வரிசை நின்றது. வரிசையைக் கண்டால் பின்னால் போய் நிற்பது நம் ஊர் வழக்கம், நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதை வீட்டுக்கார அம்மாள் ஜெர்மனிலும், ஹில்டாம்மா தமிழிலும் மாற்றித் தந்தார்கள்.

"முன்னால என்ன குடுக்குறாங்க?"

"தெரியலை. இம்புட்டு நீளமா இருக்குல்ல, நல்லதாத்தான் இருக்கும்."

கறி என்று பிறகு தெரிந்தது. எங்கள் முறை வருவதற்குள் தீர்ந்துபோனது. தாலுகாவில் ரேஷன் கடைகளைக் கவனித்தவனுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. சண்டை வராததுதான் புதுசு.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் ஸ்டைன்பாக் போனோம். இப்போது அதன் பெயர் கமியென்னா. பத்திரத்தில் எழுதுவதானால் 'ஸ்டைன்பாக் என்கிற கமியென்னா' என்று எழுத வேண்டும். எழுநூறு வருஷம் ஜெர்மன்காரர்கள் இருந்த ஊர் என்கிறார்கள். போர் முடிந்ததும் பெரிய நாடுகள் உட்கார்ந்து போலந்தின் கிழக்குப் பகுதியை ரஷ்யாவிடம் கொடுத்தன. அதற்கு ஈடாக ஜெர்மனியின் கிழக்குப் பகுதியைப் போலந்துக்குக் கொடுத்தன. மிச்சமிருந்த ஜெர்மன்காரர்களை மேற்கே ரயிலேற்றிவிட்டு, கிழக்கே வீடு இழந்த போலந்துக்காரர்களை மாடு கன்றோடு சரக்கு ரயிலில் கொண்டுவந்து அந்த வீடுகளில் இறக்கினார்கள். நில ஆர்ஜிதத்தில் எவ்வளவோ பார்த்திருக்கிறேன். ஒரு நாட்டையே தூக்கிப் பக்கத்தில் வைத்ததை அங்குதான் பார்த்தேன்.

சிவப்பு ஓட்டு வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு குளம், இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே தெரு. ஒரு கடைச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து உள்ளே பழைய ஜெர்மன் எழுத்து எட்டிப் பார்த்தது. பல வீடுகளில் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. சோம்பேறிகள் என்று நினைத்தேன். வந்த நாளிலிருந்து, ஜெர்மன்காரர்கள் என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பி வந்து வீட்டைக் கேட்பார்கள் என்று பயந்து, யாரும் பூசவில்லையாம். பிறகு வீட்டுக்கார அம்மாள்தான் சொன்னார். பர்மாவிலிருந்து மதுரைக்கு வந்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டியபடியே பதினைந்து வருஷம் வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போகும் ஆசை. இங்கே இருப்பவர்களுக்குத் துரத்தப்படும் பயம். பெட்டி இரண்டு இடத்திலும் கட்டியபடிதான் இருந்திருக்கும்.

ஹில்டாம்மாவின் வீடு தெருக்கோடியில் இருந்தது. காரை பெயர்ந்த செங்கல் வீடு, பக்கத்தில் தொழுவம், முன்னால் ஒரு பெரிய மரம். அவர் வேலிக்கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மரம் அதேதான்" என்றார். ஜன்னல் திரை லேசாக விலகியது.

அந்த நேரத்தில் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். ஒரு சொத்தின் முன்னால் நின்றால் என் கால்கள் தாமாகவே நான்கு எல்லையையும் பார்க்கக் கிளம்பிவிடும். வேலியோரமாக அடியெண்ணி நடந்தேன். வடகிழக்கு மூலையில் புல்லுக்குள் ஒரு கல் தெரிந்தது. குடைக்கம்பியால் புல்லை ஒதுக்கினேன். எண் வெட்டிய சர்வே கல். அசையாமல் நின்றது. எனக்கு ரொம்ப சந்தோஷம். குனிந்து எண்ணைப் படித்து, அங்கிருந்து தொழுவம் வரை அடி போட்டு, வீட்டின் அகலத்தையும் கண்ணால் மட்டம் கட்டினேன். நிமிர்ந்தபோது கிரீஸ் துணியைக் கையில் பிடித்தபடி ஆறடி உயரத்தில் ஒருவர் எதிரே நின்றார். வயது முப்பது இருக்கும். வாசலில் அறுபதை நெருங்கும் ஒரு அம்மாள், தலையில் துண்டு கட்டி, முகம் வெளுத்து நின்றார். அவர்தான் ஜெர்மனில் பேசினார்.

"அளந்தது போதுமாம். கெளம்பச் சொல்றாங்க" என்றார் ஹில்டாம்மா.

அவரும் ஏதோ கெஞ்சிக் கேட்டுப் பார்த்தார். வீட்டை ஒரு முறை உள்ளே வந்து பார்க்கலாமா என்றுதான் கேட்டாராம். இங்கே பார்க்க ஒன்றுமில்லை, எங்களிடம் எல்லாக் காகிதமும் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த ஆறடிக்காரர், அம்மாளின் மகன், வேலிக்கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஹில்டாம்மா என் பக்கம் திரும்பினார்.

"என்ன செஞ்சீக தாசில்தாரு?"

"எல்லை பார்த்தேன்."

"யாரு கேட்டா?"

நான் வளைந்த குடைக்கம்பியை நிமிர்த்தப் பார்த்தேன்.

"ஒரு ஜெர்மன்காரி வந்து நிக்கிறா. கூட ஒரு ஆபீசரு அளந்துக்கிட்டு வாராரு. கதவைத் தொறந்து பாயாசமா குடுப்பாங்க? நான் கேட்டதும் கோளாறுதான். வீட்டைப் பாக்கணும்னேன். அம்மாவைப் பத்திக் கேக்க வாயி வரலை." பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் கல்லறையில பாத்துட்டுத் திரும்பிருவோம்."

மறுநாள் பஸ் வரவில்லை. ஏன் என்று கேட்க ஆளும் இல்லை. நான்கு மைல்தானே என்று நடந்தோம். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஹில்டாம்மா நூறு அடிக்கு ஒரு முறை நின்றார். குடை ஒன்றுதான், அதன் கம்பியும் முதல் நாள் புல் ஒதுக்கியதில் வளைந்து போயிருந்தது. பின்னால் ஒரு டிராக்டர் வந்தது. டிரெய்லர் நிறைய சர்க்கரை எடுக்கும் வெள்ளை பீட்ரூட். அறுவடைக் காலத்தில் அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு போவது போல அந்த ஊர்ச் சாலையெங்கும் இதுதான் போகிறது. கை காட்டினேன், நின்றது. ஓட்டி வந்தவர் நேற்றைய கிரீஸ் துணிக்காரர்.

அவர் என்னைப் பார்த்தார், ஹில்டாம்மாவைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். என்ன திட்டினாரோ, நல்லவேளையாக அது போலந்து மொழியில் இருந்தது. பிறகு இறங்கி வந்து ஹில்டாம்மாவைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கித் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். எனக்குப் பின்னால் கை காட்டினார். ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் பீட்ரூட் குவியல் மேல் உட்கார்ந்து ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தது அப்படித்தான். தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்ட வாசலில் எங்களை இறக்கிவிட்டுப் போனார்.

அங்கே கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறைகளை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவிப் பூ வைப்பது வழக்கமாம். மழை விட்டதும் வாளியும் பிரஷுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள். யாரும் எட்டிப் பார்க்காத மூலையில்தான் ஜெர்மன்காரர்களின் பழைய கல்லறைகள். கற்கள் சாய்ந்து, கொடி படர்ந்து கிடந்தன. ஹில்டாம்மா பெயரைச் சொல்ல, நான் எழுத்தெழுத்தாகத் தேடினேன். அவர் அப்பா கிடைத்தார். அம்மா இல்லை. இருந்த கல்லையெல்லாம் பார்த்துவிட்டோம்.

அவர் மெல்ல நடந்து, கழுவிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே முதுகைக் காட்டியபடி ஒருத்தி முழங்காலிட்டுக் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினாள். நேற்று வாசலில் நின்று எங்களைக் கிளம்பச் சொன்ன அம்மாள்தான்.

போய்விடலாம் என்று நான் ஜாடை காட்டினேன். ஹில்டாம்மா பார்க்கவில்லை. நாற்பது வருஷ மதுரை அவருக்குள் எழுந்துவிட்டது. கல்லறையில் ஒருத்தி கண்ணுக்கு எதிரே இருக்கிறாள் என்றால் துக்கம் கேட்காமல் எப்படிப் போவது. கல்லைக் காட்டிக் கேட்டார்.

"யாரு?"

"கணவர்."

"எப்ப போனாரு? என்ன சீக்கு?"

அந்த ஊரில் இப்படி யாரும் கேட்பதில்லை போலிருக்கிறது. அந்த அம்மாள் பிரஷைப் பிடித்தபடி திகைத்தார். ஹில்டாம்மா விடவில்லை. காய்ச்சல் எத்தனை நாள், யார் பார்த்துக்கொண்டது, கடைசியாக என்ன சாப்பிட்டார், பேச்சு இருந்ததா, கண் யாரைத் தேடியது. நம் ஊரில் துக்கத்துக்குப் போனால் கேட்பதையெல்லாம் வரிசை மாறாமல் கேட்டார். அந்த அம்மாள் முதலில் ஒற்றை வார்த்தையில் சொன்னார். பிறகு கொஞ்சம் நீளமாக. பிறகு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, முந்தானை இல்லாததால் தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். பெயர் யானினா. மகன் பெயர் மாரெக்.

"உங்களுக்கு இங்கே யார்?" என்று யானினா கேட்டார்.

"அம்மா. கெடைக்கலை." பெயரைச் சொன்னார்.

யானினா எழுந்தார். என்னைப் பார்த்தார். "இவர் அதிகாரியா?" என்று கேட்டார்.

ரிட்டயர்டு என்று சொல்லச் சொன்னேன். அளந்தது ஏன் என்றார். பழக்கம் என்றேன். அவர் நம்பினாரா தெரியாது. ஆனால் கணவர் கல்லுக்கு அடுத்த, ஏற்கனவே கழுவித் துடைத்து வைத்திருந்த சின்னக் கல்லின் மேல் கையை வைத்தார். அதில் இருந்தது யானினாவின் குடும்பப் பெயர்.

"இவங்கதானாம்" என்றார் ஹில்டாம்மா என்னிடம். அதன் பிறகு யானினா சொல்லச் சொல்ல, நடுநடுவே நிறுத்தித்தான் எனக்குச் சொல்ல முடிந்தது.

போர் முடிந்த கோடையில் யானினா கணவனோடும் மாமியாரோடும் ஒரு பசுவோடும் சரக்கு ரயிலில் வந்து இறங்கினார். புதுப்பெண். ஒதுக்கீடு செய்த வீட்டின் கதவைத் திறந்தால் அடுப்படியில் ஒரு கிழவி நின்று எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். இவர்கள் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை இவர்களுக்குத் தெரியாது. அடுப்படிக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் அவள் இருந்துகொண்டாள். மூன்று மாதம் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்தே வாழ்ந்தார்கள். பசு கன்று ஈன முடியாமல் தவித்தபோது கிழவி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து இழுத்துப் போட்டாளாம். அன்றிலிருந்து ஒரே அடுப்பு. யானினாவுக்கு ஜெர்மன் வந்தது அவளிடமிருந்துதான்.

மறுவருஷம் மிச்சமுள்ள ஜெர்மன்காரர்கள் ரயிலடிக்கு வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. கிழவிக்கு நெஞ்சில் சளி, நடக்க முடியாது. வீட்டுக்கு வந்த அதிகாரியிடம் யானினாவின் மாமியார், இது என் தாய், பிறவி ஊமை என்று சொல்லிவிட்டார். கிழவி வாயே திறக்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்தக் குளிர்காலத்திலேயே அவள் போய்ச் சேர்ந்தாள். ஊமைத் தாயாகப் பதிந்தாயிற்று, அப்படியே புதைக்கவும் வேண்டியிருந்தது. ஜெர்மன் மூலையில் வைக்க முடியவில்லை.

"பக்கத்துல யாரு இருந்தா?" என்று ஹில்டாம்மா கேட்டார்.

"நான்தான். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடியற்காலை. பால் கொஞ்சம் குடித்தார். ஹில்டா, ஹில்டா என்று என்னைத்தான் கூப்பிட்டார். நானும் சரி சரி என்று சொன்னேன்."

ஹில்டாம்மா இதை எனக்குச் சொல்லிவிட்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அழுதார். நாற்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் தோள் இறங்கிவிட்டது. எல்லையிலிருந்து தூக்கிப் பிடித்தபடியே இருந்த தோள். யானினா பக்கத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த மணலைக்கூடத் தட்டாமல் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

சற்று நேரம் கழித்து யானினா என்னிடம் ஒன்று கேட்டார். பொய்யாகப் பதிந்தது இப்போது வெளியே வந்தால் மாரெக்குக்குத் தொந்தரவு வருமா, வீடு போகுமா என்று. நேற்று முகம் வெளுத்தது வீட்டுக்காக மட்டும் இல்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. போலந்துச் சட்டம் எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. ஆனாலும் நிமிர்ந்து நின்று, கிராமக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியில் பேசும் குரலில் சொன்னேன்: "இத்தனை காலம் கழித்து யாரும் எதுவும் செய்ய முடியாது. மேல் நடவடிக்கை தேவையில்லை." ஹில்டாம்மா மொழிபெயர்க்கும் முன்பே அந்தக் குரல் வேலை செய்துவிட்டது. யானினா பெருமூச்சு விட்டார். பொய் வாக்குமூலங்களை நிராகரிப்பதில் எனக்குத் தாலுகாவில் பெயர் உண்டு. ஊமைத் தாய் என்று சொன்ன அந்த மாமியார் என் முன் வந்திருந்தால் நானும் எழுதிக்கொண்டு போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மதியம் அந்த வீட்டில்தான் சாப்பாடு. உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் வைத்து அவித்த கொழுக்கட்டை, மேலே வதக்கிய வெங்காயம். பன்னிரண்டு சாப்பிட்டேன். பெயர் மாற்ற வேண்டுமா, கல்லில் சரியான பெயரை வெட்டலாமா என்று யானினா கேட்டார். ஹில்டாம்மா வேண்டாம் என்றார். "இருக்கட்டும். அந்தப் பேருலதானே பாத்துக்கிட்டீங்க." பிறகு அடுப்படிக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போய், கட்டிலில் படுத்து, சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

அந்த ஒரு மணி நேரமும் நானும் மாரெக்கும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இருவருக்கும் பொதுவான வார்த்தை ஒன்றுகூட இல்லை. கடைசியில் அவர் எழுந்து, வா என்று தலையை அசைத்தார். கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், தென்மேற்கு மூலையில் நான் பார்க்காமல் விட்ட சர்வே கல்லை பூட்ஸ் காலால் புல்லை மிதித்துக் காட்டினார். நான் குனிந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் சிரித்தார். மறுநாளே சுண்ணாம்பு வாங்கிச் சுவரைப் பூசுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது நான் வழக்கப்படி பேசாமல் எழுந்து வாசலுக்கு நடந்தேன். துக்கம் கேட்ட வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பது ஹில்டாம்மாவுக்கும் தெரியும். மதுரையில் எத்தனை வீட்டுக்குப் போய்வந்தவர். அவரும் பேசாமல்தான் வேலிக்கதவு வரை வந்தார். யானினா படியில் நின்றபடி, என்ன தவறு செய்தோம் என்பது போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹில்டாம்மா நின்றார். திரும்பினார். "போயிட்டு வாரேன்" என்றார், தெளிவான தமிழில், வீதி முழுக்கக் கேட்கும்படி.

யானினா போலந்து மொழியில் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"சரி, வான்னு சொல்லுது."

"உங்களுக்குப் போலந்து பாஷை தெரியாதே, சிஸ்டர்."

"வேற என்ன சொல்லும்?" என்றார், என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கியபடி.